கப்பலில் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கை போகும் கப்பலைப் பற்றியவை. மீதியில் பெரும்பகுதி இலவசப் பயணம் பற்றியவை. எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள், எந்த மாதம், எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று மூன்றையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். எழுதாதவர்களுக்குப் பொத்தாம் பொதுவாகத்தான் பதில் வரும்.

என் தாத்தா 'ரஜூலா'வில் சிங்கப்பூர் போனவர். இப்போது சென்னையிலிருந்து அப்படிப் பயணிகள் கப்பல் உண்டா? – திருச்சி வாசகர்

இல்லை. 'ரஜூலா' 1926-இல் தொடங்கி ஏறக்குறைய அரை நூற்றாண்டு அந்தத் தடத்தில் ஓடியது. 1970-களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்து, பலர் இறந்தார்கள். அதோடு அந்தத் தடமே முடிந்துபோனது. தீப்பிடிக்காமல் இருந்திருந்தாலும் ரொம்ப நாள் ஓடியிருக்காது என்பது என் கணக்கு. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 1,600 கடல் மைல். மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் போனால் நாலரை நாள். நாலரை நாளைக்கு ஓர் ஆளுக்குப் படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, மாலுமி சம்பளம், எண்ணெய் எல்லாவற்றையும் போட்டு, நாலு மணி நேர விமானத்தைவிட மலிவாக யாரால் டிக்கெட் கொடுக்க முடியும்? எப்போதாவது ஓர் உல்லாசக் கப்பல் இந்தப் பக்கம் வந்து போகும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்த மாதம் 12-ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் கல்யாணம். 11-ஆம் தேதி நாகையிலிருந்து கப்பலில் போனால் போதுமா? – தஞ்சாவூர் வாசகர்

கடிதம் எழுதிய தேதியைப் போடவே இல்லை. எந்த மாதத்துக்கு அடுத்த மாதம்? அக்டோபர் முதல் ஜனவரிக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவக் காற்றில் நாகை–காங்கேசன்துறை கப்பலை நிறுத்திவிடுவார்கள். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியபாணி' கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவிட்டு, சில நாட்களிலேயே நிறுத்தியது நினைவிருக்கும். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' வந்தது. அதுவும் மழைக்காலத்தில் ஓய்வெடுத்தது.

பருவம் நன்றாக இருந்தாலும் காற்று எழுந்தால் அன்றைய பயணம் ரத்து. அதனால்தான் எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்: கப்பல் போய்ச் சேரும் நாளை ஒட்டி எந்த வேலையையும் வைத்துக்கொள்ளாதீர்கள். முன்னால் இரண்டு நாள் விட்டுப் போகலாம். அது முடியாது, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்றால் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள பலாலிக்கு விமானத்தில் போங்கள். போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிற கல்யாணம் என்றால் கப்பலே போதும்.

கடல் அமைதியாக இருந்தால் இது அருமையான பயணம். 60 கடல் மைல், நாலு மணி நேரம். காங்கேசன்துறையில் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் முடித்து வெளியே வந்தால் யாழ்ப்பாணம் இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கொழும்பு போகிற ரயிலும் காங்கேசன்துறையிலிருந்தே கிளம்புகிறது. இலவசமாகக் கொண்டுபோகும் எடைக்கு வரம்பு உண்டு. கப்பல்தானே என்று பித்தளை அண்டாவோடு போய் நிற்காதீர்கள். இலங்கைக்கான இணைய அனுமதியை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

கப்பல் டிக்கெட் எவ்வளவு ஆகும்? – பெயர், ஊர் இல்லை

எங்கே போக?

சரக்குக் கப்பலில் வேலை செய்துகொண்டே இலவசமாக ஐரோப்பா போகலாம் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். கேப்டனை நேரில் பார்த்துக் கேட்க வேண்டுமாம். ஏஜென்ட் ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்தால் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். நம்பலாமா? – தூத்துக்குடி வாசகர்

துறைமுக ஊரில் இருந்துகொண்டு நீங்களே இதைக் கேட்கிறீர்கள்! நம்பாதீர்கள். இந்தக் காணொளிகளை எடுப்பவர்களை ஒரே ஒரு நாள் துறைமுக வாசலில் நிற்க வைத்து, கேப்டனைப் பார்க்க முடிகிறதா என்று காட்டச் சொல்ல வேண்டும். 2004-இல் உலகத் துறைமுகங்களுக்கெல்லாம் பாதுகாப்பு விதிகள் வந்த பிறகு, பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. கப்பலின் ஏணிப்படியில் காவலுக்கு நிற்பவர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் பெயர் இல்லாதவர் மேலே ஏற முடியாது.

சரி, ஏறிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே உங்களுக்கு என்ன வேலை? முந்நூறு நானூறு மீட்டர் நீளமுள்ள கன்டெய்னர் கப்பலை ஓட்டுவது இருபது இருபத்தைந்து பேர். ஒவ்வொருவருக்கும் மாலுமிச் சான்றிதழ், அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கு உரித்துக்கொடுத்துக் கடல் தாண்டிய காலம் உண்மையிலேயே இருந்தது. அது போய் இரண்டு தலைமுறை ஆகிறது.

இப்போது அந்த இரண்டு லட்சம். கப்பலில் வேலை தேடித் தருவதற்கு மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடை செய்கிறது. இந்தியாவில் ஆளெடுக்கும் நிறுவனங்களுக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் உரிமம் கொடுக்கிறது. அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உங்கள் ஏஜென்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. நகையை அடகு வைத்துக் காசு கொடுத்துவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுகிறவர்கள் குறைந்தபாடில்லை. ஏமாந்தது காசோடு போனால் அதிர்ஷ்டம். சிலரை உண்மையாகவே ஏதோ ஒரு பழைய சிறு கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். முதலாளி கைவிட்ட அந்தக் கப்பல் ஏதாவது ஒரு நாட்டின் நங்கூரத் துறையில் சம்பளமும் குடிதண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும். உலகத்தில் இப்படிக் கைவிடப்படும் மாலுமிகளில் இந்தியர்கள் ஏராளம்.

காசு கொடுத்துச் சரக்குக் கப்பலில் பயணியாகப் போகலாம், அது நேர்மையான வழி. ஆனால் 2020-இல் கொரோனா வந்ததும் பெரும்பாலான கம்பெனிகள் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தின. மீண்டும் தொடங்கியவை கொஞ்சம்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 யூரோ, நம் காசில் பத்தாயிரம். அதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பாடு, ஜன்னல் வைத்த அறை, மருத்துவச் சான்று, காப்பீடு. பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் அது பயணிகள் கப்பல் கணக்கில் வந்துவிடும் என்பதால் அதற்கு மேல் ஏற்ற மாட்டார்கள். இருபது நாள் பயணத்துக்கு இரண்டு லட்சம். அந்த ஏஜென்ட் கேட்ட அதே தொகை!

வேலை செய்தபடி கடல் தாண்ட இன்னும் ஒரே ஒரு வழிதான் மிச்சம், பாய்மரப் படகு. நவம்பரில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் அட்லாண்டிக் தாண்டக் காத்திருக்கும் படகுகளில் ஆள் சேர்ப்பார்கள். மூன்று வாரம், இரவுக் காவல், சமையல், சாப்பாட்டுச் செலவில் பங்கு. அந்தப் படகுக்காரர் யார், படகின் நிலை என்ன என்று விசாரிக்காமல் ஏறாதீர்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு கரையிலும் விசா வேண்டுமா என்று பாருங்கள். வேண்டிய விசாவை ஏறுவதற்கு முன்பே எடுங்கள்.

விமானம் என்றால் பயம். லண்டனிலிருந்து டொராண்டோவில் இருக்கும் மகளிடம் போக வேண்டும். – லண்டன் வாசகி

'குவீன் மேரி 2'. அட்லாண்டிக்கில் முறையாக ஓடும் ஒரே பயணிகள் லைனர் அதுதான். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் ஏழு இரவு, அங்கிருந்து டொராண்டோவுக்குப் பகல் முழுக்க ரயில். ஜன்னலில்லாத அறையில் இருவராகத் தங்கினால் ஆளுக்கு ஏறக்குறைய ஆயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு சேர்த்து. தனியாகப் போனால் அறைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்களுக்கு வேறு வழியில்லை. மேற்கே போகும்போது பெரும்பாலான இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதனால் இறங்கும்போது தூக்கம் கெட்டிருக்காது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் என்ன அனுமதி வேண்டும் என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, முன்பே பார்த்துவிடுங்கள். மகளிடம் தேதியைச் சொல்லும்போது ஒரு நாள் தள்ளியே சொல்லுங்கள்.

ஏப்ரலில் மியாமியிலிருந்து பார்சலோனாவுக்கு உல்லாசக் கப்பல் மிக மலிவாகக் கிடைக்கிறதே, ஏன்? – நியூ ஜெர்சி வாசகர்

கரீபியனில் சீசன் முடிந்து கப்பலை மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. காலியாகப் போவதற்குப் பதில் கிடைத்த விலைக்கு விற்கிறார்கள். இலையுதிர்காலத்தில் எதிர்த்திசையில் இதே கதை. நாளைக்கு 60, 70 டாலருக்குக்கூடக் கிடைக்கும். அதோடு நாள்தோறும் ஆளுக்குப் பதினைந்து இருபது டாலர் டிப்ஸ், துறைமுக வரி, இணையக் கட்டணம், திரும்பி வர ஒருவழி விமானம். எல்லாவற்றையும் கூட்டிய பிறகு மலிவா என்று பாருங்கள். இரண்டு பேராக, இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் மலிவுதான்.

ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு இதேபோல் கிடைக்குமா என்று இன்னும் மூவர் கேட்டிருக்கிறார்கள். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து பல கம்பெனிகள் சூயஸ் பக்கம் பயணிகளைக் கொண்டுபோகவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் நாளும் கூடும், காசும் கூடும்.

விமானத்தைவிடக் கப்பல் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? – கோவை வாசகி

எந்தக் கப்பல் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் அரசின் கணக்குப்படி, ஃபெர்ரியில் வெறுங்கையோடு ஏறுபவருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 20 கிராம் கரியமில வாயு. காரோடு ஏறுபவருக்கு 130. நீச்சல் குளமும் நாடக அரங்கமும் சுமந்து போகும் உல்லாசக் கப்பல் பல நேரங்களில் விமானத்தைவிட மோசம்.

டப்ளினில் படிக்கிறேன். லண்டனுக்குக் கப்பலும் ரயிலும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டாமே? – மாணவர்

உண்டு. டப்ளினிலிருந்து வேல்ஸில் உள்ள ஹோலிஹெட் துறைமுகம் மூன்றே கால் மணி நேரம், அங்கிருந்து ரயில். கடைசி நேரத்தில் எடுத்தாலும் விலை ரொம்ப ஏறாது, அதுதான் இதன் அழகு. ஆனால் கடிதத்தின் கடைசி வரியில், எல்லையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அயர்லாந்து மாணவர் அனுமதி பிரிட்டனுக்குச் செல்லாது. இந்திய பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா எடுத்துத்தான் போக வேண்டும். அந்த நண்பரை இனிமேல் எதுவும் கேட்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து இந்தோனேசியாவின் மேடானுக்கு விமானம் இல்லாமல் போகலாமா? – சிங்கப்பூர் வாசகர்

தாராளமாக. இந்தக் கடிதக் கட்டில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். சிங்கப்பூரின் ஹார்பர்ஃபிரண்ட் துறையிலிருந்து இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கு ஒரு மணி நேர ஃபெர்ரி. அங்கிருந்து இந்தோனேசிய அரசின் பெல்னி நிறுவனக் கப்பல் 'கேலுட்', மேடானின் துறைமுகமான பெலாவானுக்கு ஏறக்குறைய ஒரு பகல் ஓர் இரவு. சாதாரண வகுப்பில் நீளமான மேடைகள்மேல் வரிசையாக மெத்தை, ஒவ்வொன்றுக்கும் எண். டிக்கெட்டைக் காட்டினால் சோறும் ஒரு துண்டு மீனும் கிடைக்கும், அதோடு சம்பல் என்னும் மிளகாய்த் துவையல் தொட்டுக்கொள்ளலாம். சார்ஜர் செருகும் இடத்துக்குப் போட்டி இருக்கும். பையைப் பூட்டித் தலைக்கடியில் வையுங்கள். ஃபெர்ரி இறங்கும் துறையும் 'கேலுட்' கிளம்பும் துறையும் வேறு வேறு, நடுவில் டாக்சி எடுக்க வேண்டும். அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே பாத்தாமில் ஓர் இரவு தங்கிப் போங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்கள், சிங்கப்பூருக்குத் திரும்பி நுழைய அது செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னை–அந்தமான் கப்பல் எப்படி? – வேலூர் வாசகர்

வெளிநாடு இல்லை, ஆனாலும் முதலில் இதில் போய்ப் பாருங்கள். மூன்று நாள் கடலில் இருக்க உங்களால் முடியுமா என்று குறைந்த செலவில் தெரிந்துவிடும். அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பு மலிவு. கழிப்பறை மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று எழுத விரும்பவில்லை. திரும்பும் கப்பல் தேதி உறுதியாகாமல் விடுப்பு எழுதிக் கொடுக்காதீர்கள்.

குமட்டலுக்கு என்ன செய்வது? – பலர்

கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் இடம் கேளுங்கள். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

என் அம்மாவுக்கு 82 வயது. சரக்குக் கப்பலில் கூட்டிப்போக ஆசை. – மதுரை வாசகர்

ஏற்ற மாட்டார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் வயது வரம்பு 75, சிலவற்றில் 80. கப்பலில் டாக்டர் கிடையாது, படிகள் செங்குத்து. டாக்டரும் லிஃப்டும் உள்ள உல்லாசக் கப்பலில் நாலைந்து நாள் கூட்டிப்போங்கள். காப்பீட்டுப் படிவத்தில் அம்மாவின் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள்.