பெட்டியில் வந்த கோதுமை

வணக்கம் சார்,
வேலை மாறி அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துக்கு வந்திருக்கிறேன். 1874இல் ரஷ்யாவிலிருந்து வந்த மென்னோனைட் (போருக்குப் போகாத ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மணி மணியாகப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த கோதுமைதான் இந்த ஊரையே வாழவைத்தது என்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. உண்மையா? மகளுக்குச் சொல்லலாமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தாராளமாகச் சொல்லுங்கள், குழந்தைக்கு நல்ல கதை. ஆனால் நீங்களும் அதோடு நின்றுவிட்டீர்களே! ஒரு பெட்டி விதை ஒரு மாநிலத்துக்குக் காணுமா?

அந்த 'டர்க்கி ரெட்' கோதுமையைப் புரட்டாசியில் விதைத்தால் பனிக்கடியில் தூங்கி எழுந்து ஆனியில் அறுவடைக்கு வந்துவிடும், அனல்காற்றும் வெட்டுக்கிளியும் வருவதற்குள். அன்று ரஷ்யாவின் பிடியில் இருந்த உக்ரைன் புல்வெளியில் தலைமுறைகளாக உழுதவர்களுக்கு அந்தக் கணக்கு கைவந்தது. ராணுவத்தில் சேர வேண்டாம் என்று தந்த சலுகையை ஜார் அரசு பறித்ததால் கிளம்பினார்கள், சாண்டா ஃபே ரயில் கம்பெனி ஆள் அனுப்பிக் கூப்பிட்டு நிலம் விற்றது. (அதற்கு முந்தின வருடம்தான் கான்சாஸில் வாழ்ந்த கான்சா பழங்குடிகளை இன்றைய ஓக்லஹோமாவுக்குத் தள்ளிவிட்டார்கள். இதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.)

சரி, விளைந்தது. அப்புறம்? மில்காரர்கள் முகம் சுளித்தார்கள். மணி அவ்வளவு கெட்டி. மென்கோதுமை அரைத்துப் பழகிய கல்லில் போட்டால் தவிடு பொடிந்து மாவோடு கலந்துவிடும், விலையைக் குறைத்தார்கள். எஃகு உருளைகள் வந்த பிறகுதான் அதே கோதுமை ரொட்டி மாவுக்கு ராஜா. கான்சாஸின் ஹால்ஸ்டெட், நியூட்டன் ஊர்களில் மில் நடத்திய பெர்ன்ஹார்ட் வார்கென்டின், அவரும் மென்னோனைட்தான், 1880களில் ரஷ்யாவிலிருந்து பெருமளவில் விதை தருவித்தார். அவருக்காக நீங்கள் கலங்கவில்லை பாருங்கள். மில்காரனுக்கு யார் அழுவார்கள்?

ஆனால் மில் இல்லாவிட்டால் விதை வெறும் விதைதான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வருடம் முன்பு கிச்சிலிச் சம்பா போட்டேன். அம்மா விதைநெல்லை முறத்தில் பரப்பி, கலப்பு நெல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள், உங்கள் சிறுமி மாதிரியேதான். நாலு மூட்டை கண்டது. மூன்று மில் ஏறி இறங்கினேன். "நாலு மூட்டைக்கெல்லாம் மெஷின் ஓட்ட முடியாது சார்." கடைசியில் அம்மா கொல்லையில் கிடந்த உரலை உருட்டிவரச் சொன்னாள். இரண்டு படி குத்துவதற்குள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எனக்கு. எழுபது வயது அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.