பாரிசிலிருந்து மார்சேய்க்கு மூன்று நாள் சென்றுவருவது பயனுள்ளதா?

பயனுள்ளதுதான். ஆனால் முதல் நாள் நகரம், இரண்டாம் நாள் இஃப் தீவுக் கோட்டை, மூன்றாம் நாள் கடலோரப் பாறைகள் என்று நாள்களை முன்கூட்டியே பூட்டிவிடாதீர்கள். தென்பிரான்சின் துறைமுக நகரமான மார்சேயில் எந்த நாள் கடலுக்கு, எந்த நாள் கரைக்கு என்பதைக் காற்றுதான் முடிவுசெய்கிறது.

நான் சென்ற அக்டோபரில் முதல் நாள் காலை வானம் கழுவித் துடைத்ததுபோல் நீலமாக இருந்தது. மழை வந்தால்தான் படகு நிற்கும் என்று பழகிய நான், இதைவிட நல்ல நாள் கிடைக்காது என எண்ணிப் பழைய துறைமுகத்துக்குச் சென்றால், பயணச்சீட்டுச் சன்னல் மூடிக் கிடந்தது. ரோன் பள்ளத்தாக்கின் வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்திரால் என்ற காற்று மேகங்களை விரட்டிவிடும். வெயில் பளிச்சென்று அடிக்கும்போதே கடல் கொந்தளிக்கும்.

படகு இல்லாத அந்த நாள் வீணாகவில்லை. துறைமுகத்துக்குச் சற்று உள்ளே ஒரு வணிக வளாகத்தின் பின்புறம், 1967ஆம் ஆண்டு கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட பண்டைய துறைமுகத்தின் கற்கரை இருக்கிறது. கி.மு. 600 வாக்கில் ஆசியா மைனரின் ஃபொக்கேயா நகரிலிருந்து வந்த கிரேக்கர்கள் நிறுவிய ஊர் இது. ஒருகாலத்தில் கப்பல்கள் அணைந்து நின்ற கல்விளிம்பையொட்டி இன்று புல் முளைத்திருக்கிறது. கடல் எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பது நின்று பார்த்தால்தான் விளங்கும். இதற்கு நேர்மாறான கதையை மார்சேய்க்கு அருகே கடலோரத்திலுள்ள கொஸ்கேர் குகை சொல்கிறது. ஆன்றி கொஸ்கேர் என்ற முக்குளிப்பாளர் 1985இல் கண்டறிந்த அதன் வாயில் இன்று கடல்மட்டத்துக்கு 37 மீட்டர் கீழே உள்ளது. சுமார் 27,000 ஆண்டுகளுக்கு முன் சுவரில் கைத்தடம் பதித்தவர்களோ அதற்குள் நடந்தே சென்றார்கள். அசல் குகைக்குள் பார்வையாளர்கள் போக முடியாது; 2022இல் துறைமுக முகப்பில் திறக்கப்பட்ட மாதிரிக் குகையைப் பார்க்கலாம்.

பழைய துறைமுகத்தின் வடகரையில் 1950களின் அடுக்ககங்கள் நிற்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அங்கிருந்த பழைய குடியிருப்பை 1943இல் ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது; தப்பிய சந்துகளை மேட்டிலுள்ள பனியே பகுதியில் காணலாம். இதே மார்சேய்த் துறையில்தான் 1910 ஜூலை 8 அன்று, லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட சாவர்க்கர் மோரியா கப்பலின் சாளரம் வழியே குதித்து நீந்திக் கரையேறி மீண்டும் பிடிபட்டார். லண்டனில் அவருடைய தோழராக இருந்த வ.வே.சு. ஐயர் அதே ஆண்டு புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

காலையில் துறைமுகத்தின் தலைமாட்டில் மீன் விற்பார்கள். சில மேசைகள்தாம், நம் ஊர் மீன்சந்தையின் இரைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். ஆழமில்லாத தொட்டிகளில், முதுகெல்லாம் முள்ளாக, செங்கல் நிறத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் ரஸ்காஸ் மீன்தான் புய்யாபேஸ் குழம்பின் உயிர். அந்தக் குழம்பை முதலில் பூண்டு தேய்த்த ரொட்டியுடன் தனியாகவும், பிறகு மீனைத் தனித் தட்டிலும் பரிமாறுவார்கள். குங்குமப்பூ மணக்கும், விலையும் கடிக்கும். மலிவாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் வேறு ஏதோ மீன்சாறு.

காற்று அடங்கிய நாளை முழுவதுமாகக் கலாங்குகளுக்குக் கொடுங்கள். வெண்சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே கடல் நுழைந்து நிற்கும் இந்த ஒடுங்கிய குடாக்கள் 2012 முதல் தேசியப் பூங்காவாக உள்ளன. ஜூன் முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்துப் பாதைகளை மூடுவார்கள் என்பதால் முந்தின மாலையே அறிவிப்பைப் பார்க்க வேண்டும். சுஜித்தோன் குடாவுக்குக் கோடை உச்சத்தில் இலவச முன்பதிவும் கட்டாயம். எனக்குப் பிடித்த வழி கஸ்ஸி என்ற சிற்றூரிலிருந்து நடப்பது. பெயர் ஏறக்குறைய நம் காசியைப் போலவே ஒலிக்கும். ரயிலில் அரைமணிதான், ஆனால் நிலையம் ஊரிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து போர்-மியூ, போர்-பேன் வழியாக ஒன்-வோ குடாவுக்குச் செல்லும் பாதையின் கடைசி இறக்கத்தில் கற்கள் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். செருப்போடு போகாதீர்கள், தண்ணீர் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள்.

தங்குவதற்குப் பழைய துறைமுகத்தின் அருகே இடம் பாருங்கள். சேன்-ஷார்ல் ரயில் நிலையத்தின் முன்னுள்ள 104 படிகள் வரும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பெட்டி கனமாக இருந்தால் மெட்ரோவில் ஏறிவிடுவதே நல்லது.