பெர்சி ஜாக்சன் படித்தால் கிரேக்க வரலாறு தெரிந்துவிடுமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பெர்சி ஜாக்சன் நாவல் வரிசையின் முதல் ஐந்து புத்தகங்களையும் முடித்துவிட்டாள். கிரேக்கக் கடவுள்களின் பெயர்களை மடமடவென்று சொல்கிறாள். இதிலேயே இலக்கியமும் வரலாறும் கற்றுக்கொள்வதாகவும் சொல்கிறாள். உண்மைதானா? ஆன்லைனில் கிரேக்கப் புராணச் சான்றிதழ் படிப்பு ஒன்றுக்கு ஆறு மாதத்துக்கு 12,000 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சேர்க்க வேண்டாம். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் மகள் இலக்கியத்தில் பாதி வழி வந்துவிட்டாள். வரலாற்றை இன்னும் தொடங்கவில்லை.

இந்த நாவல்களை எழுதிய ரிக் ரியோர்டன் பல ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலமும் வரலாறும் நடத்தியவர். பழைய கதைகளை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் மாற்றியிருக்கிறார். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று பார்க்கப் பழகினால் அதுதான் இலக்கியப் படிப்பு.

2006இல் வந்த இரண்டாவது நாவலை எடுங்கள். பாலிஃபீமஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனிடம், கதாநாயகன் பெர்சியின் தோழி அன்னபெத் தன் பெயர் "யாருமில்லை" என்று சொல்லிச் சீண்டுகிறாள். இது ஹோமரின் ஒடிசி என்ற பழைய கிரேக்கக் காப்பியத்தில், 9ஆம் பாகத்தில் இருக்கிறது. அங்கே ஒடிசியஸ் அதே பெயரைச் சொல்லி, அரக்கனுக்கு மது கொடுத்துத் தூங்கவைத்து, கண்ணைக் குத்திவிடுகிறான். அலறல் கேட்டு மற்ற அரக்கர்கள் ஓடிவந்து விசாரிக்கிறார்கள். "யாருமில்லை என்னைக் கொல்கிறான்" என்று அவன் கத்த, யாருமில்லையென்றால் நமக்கென்ன என்று திரும்பிவிடுகிறார்கள். கப்பலேறித் தப்பித்தவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவனோ தன் உண்மைப் பெயரை, அப்பா பெயர், ஊர்ப் பெயரோடு உரக்கச் சொல்கிறான். அரக்கன் தன் தகப்பனான கடல் கடவுள் பொசைடனிடம் முறையிடுகிறான். அதிலிருந்து அந்தக் கடவுளின் கோபம் ஒடிசியஸை ஊர் சேரவிடாமல் அலைக்கழிக்கிறது.

இந்த இடத்தில் மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாவலில் பொசைடன் யார்? கதாநாயகனின் அப்பா. ஹோமரிடம் கதாநாயகனின் பகைவன். நாவலில் ஒற்றைக்கண் டைசன், பெர்சிக்குத் தம்பி முறை. படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் அவன்மேல் பிரியம். யார் பக்கம் நின்று சொல்கிறோமோ அதற்கேற்பக் கதை மாறும் என்பதை அவளே சொல்லிவிடுவாள், நீங்கள் விளக்கவே வேண்டாம். பாம்புக் கூந்தல் கொண்ட மெடூசாவையும் இப்படி ஒப்பிடலாம்.

ஒடிசி முழுவதையும், 24 பாகங்களையும், இப்போதே படிக்கச் சொல்லாதீர்கள். 9ஆம் பாகம் போதும். சாமுவேல் பட்லர் 1900இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அவர் ரோமானியப் பெயர்களைப் போட்டிருக்கிறார்: ஒடிசியஸ் யுலிசிஸாகவும், பொசைடன் நெப்டியூனாகவும், அதீனா மினர்வாவாகவும் வருவார்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொடுங்கள். நூலகத்தில் எமிலி வில்சனின் 2017 மொழிபெயர்ப்பு கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, வரலாறு. நாவலில் கடவுள்கள் கிரேக்கத்திலிருந்து ரோம், பிறகு ஐரோப்பிய நாடுகள், கடைசியில் அமெரிக்கா என்று இடம் மாறுகிறார்கள். மேற்கத்திய நாகரிகம் நகர்ந்த வழி அது என்று விளக்கம் வருகிறது. கதைக்கு வசதியான ஏற்பாடு அது, வரலாறு அல்ல. கிரேக்கம் மேற்கே மட்டும் போகவில்லை, கிழக்கேயும் வந்தது. அரிஸ்டாட்டிலை 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தில் அரபியில் மொழிபெயர்த்துப் படித்தார்கள். கேரளக் கடற்கரையில் இருந்த முசிறித் துறைமுகத்துச் சரக்கைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில்தான் இருக்கிறது.

அவளுக்குப் பிடித்த பொசைடனிடமிருந்தே வரலாற்றைத் தொடங்கலாம். கிரீட் தீவின் நோசஸிலும் கிரேக்கத்தின் பைலாஸிலும் களிமண் பலகைகள் கிடைத்தன. ஆடு, கம்பளி, தானியம் என்று அரண்மனைக் கணக்கு எழுதிய பலகைகள். அந்த எழுத்து பழைய கிரேக்கம்தான் என்று 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் கண்டுபிடித்தார். பைலாஸ் கணக்கில், காணிக்கை பெறுபவர்களுள் பொசைடனும் இருக்கிறார். மூவாயிரம் ஆண்டுக்கு முன் அந்தக் கடவுளை நிஜ மனிதர்கள் கும்பிட்டதற்கு அதுவே சாட்சி.

இனி அந்தச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. இப்படிப்பட்ட படிப்பு ஒன்றின் ஒர்க் ஷீட்டைப் பார்த்தேன். "ட்ரோஜன் போர் முடிந்த ஆண்டு?" விடை கி.மு. 1184. ஒரு மதிப்பெண். அலெக்சாண்ட்ரியாவில் பல நூற்றாண்டுகள் கழித்து எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் போட்ட கணக்கு அது. நடந்ததா என்றே இன்னும் விவாதிக்கப்படும் போருக்கு ஆண்டு மனப்பாடம்! முதலில் டெமோ வகுப்பு இலவசம், அப்புறம் "குழந்தையின் வாசிப்பு நிலை குறைவு" என்று ஒரு போன், பிறகு தவணை வசதி. பணம் கட்டியபின் திருப்பிக் கேட்டால் எடுப்பவர் யாருமில்லை.    பள்ளிகளும் இந்தப் படிப்புகளை விற்கும் ஏஜென்டுகளை வகுப்பறைக்குள் விடுகின்றன. ஆண்டைக் கேட்பதையே வரலாறு என்று நம்பும் வினாத்தாள்கள் இருக்கும்வரை இவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லவேண்டும். உங்கள் மகளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்குப் பொருந்தும். பெர்சிக்கு டிஸ்லெக்சியாவும் (எழுத்தைப் படிப்பதில் வரும் சிரமம்) கவனக்குறைபாடும் உண்டு. ரியோர்டன் தன் மகனுக்கு இவை இருந்ததால்தான் அப்படிப் படைத்தார். உங்கள் பிள்ளை அச்சைப் பார்த்தால் திணறி, ஆடியோ புத்தகத்தில் மட்டும் இந்தக் கதையைக் கேட்கிறதென்றால், அதுவும் முழு வாசிப்புதான். ஒடிசியே முதலில் காதால் கேட்கப்பட்ட கதை. கையில் புத்தகத்தைத் திணிக்காதீர்கள், சத்தமாகப் படிக்கச் சொல்லி உறவினர் முன் நிறுத்தாதீர்கள். "கவனமில்லை" என்று பள்ளி எழுதி அனுப்பினால் அதோடு விடாமல் முறையான பரிசோதனை செய்யுங்கள். சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், எழுதித்தர ஆளும் உண்டு. அதற்குக் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டும். தேர்வு நெருங்கும்போது கேட்டால் அது கைக்கு வராது. ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே வாங்கிவையுங்கள். பணம் செலவழிக்க வேண்டியது இந்தச் சான்றிதழுக்குத்தான்.