பாட்டிக்குப் பிளாஸ்டிக் கவரில் சேலை கட்டும் மகளை ஃபேஷன் டிசைனிங் சேர்க்கலாமா?

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஆன்லைனில் வாங்கிய பொருள்கள் வந்த பிளாஸ்டிக் கவர்களை ஒட்டி, கொசுவம் வைத்துப் பாட்டிக்குச் சேலையாகக் கட்டிவிட்டு, கல்யாண ஃபோட்டோவுக்கு உட்காருவதுபோல நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறாள். ரிஜெக்ட் ஆன எக்ஸ்போர்ட் டி-ஷர்ட்டைப் பக்கத்து வீட்டு டெய்லர் அக்காவுக்குப் போட்டுவிட்டு, டாலர் விலை அச்சடித்த அட்டையைக் காதில் கம்மலாக மாட்டி இன்னொரு படம். இதையெல்லாம் பார்த்த பெரியப்பா, "புள்ளைக்குத் துணி மேலதான் ஆசை, ஃபேஷன் டிசைனிங் சேர்த்துவிடு, முடிச்சிட்டு நம்ம கம்பெனிக்கே வரட்டும்" என்கிறாராம். அவர் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியையும் அவரே பார்த்து வைத்திருக்கிறார். நான்கு வருடத்துக்கு 12 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார் அம்மா.

அம்மா, திறமையுள்ள பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும் என்று நான் எழுதினால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குவீர்கள். பத்திரம் மட்டும் வங்கிக்குப் போய்விடும். அதனால் நேராகவே சொல்கிறேன்: அந்தக் கல்லூரி வேண்டாம், அந்தக் கடன் நிச்சயம் வேண்டாம்.

முதலில் அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் மகள் துணி வடிவமைக்கவில்லை. இவ்வளவு துணியை யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள், தைத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறாள். பெரியப்பாவின் கம்பெனிக்கு வேண்டியது அடுத்த சீசன் ஆர்டரை வாங்கித் தரும் டிசைனர். அது மரியாதையான வேலைதான், யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அவள் போக நினைக்கும் பக்கம் அது இல்லை, அவள் பக்கம் இப்படிக் கேள்வி கேட்கும் ஒளிப்படம்.

அவள் செய்வது விளையாட்டும் இல்லை. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ஆரி வெர்ஸ்லூயிஸ் என்ற ஒளிப்படக்காரரும் எல்லி அய்ட்டன்ப்ரூக் என்ற ஸ்டைலிஸ்ட்டும் 1994இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். தெருவில் ஒரே மாதிரி உடுத்துகிறவர்களைத் தேடிப் பிடித்து, ஒரே பின்னணி, ஒரே நிற்கும் விதம் என்று தனித்தனியே எடுத்து, பன்னிரண்டு படங்களை ஒரு கட்டமாக அடுக்கினார்கள். "நான் தனி ஆள், என் ஸ்டைலே தனி" என்று நினைத்து வாங்கிய பன்னிரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்ததுபோல நிற்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குக் கீழே விளக்கம் எழுதவே தேவையில்லை. பெங்களூரின் கலைஞர் புஷ்பமாலா 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக்காரருடன் சேர்ந்து செய்த வரிசையில், ரவிவர்மா ஓவியப் பெண் உட்படப் பல வேடங்களில் தானே நின்றார். உடை, நகை, பின்திரை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவை. அவர் படித்தது ஃபேஷன் அல்ல, சிற்பம்.

இன்னொன்று உங்கள் ஊருக்கே நெருக்கமானது. 2013 ஏப்ரலில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்ற, ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் ஆடைத் தொழிலாளர்கள். அதன்பிறகு எழுந்த ஃபேஷன் ரெவல்யூஷன் இயக்கத்தில், உலகமெங்கும் மக்கள் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு, லேபிள் தெரியப் படமெடுத்து, "என் துணியைத் தைத்தது யார்?" என்று பிராண்டுகளைக் கேட்டார்கள். டெய்லர் அக்காவின் காதில் விலை அட்டையை மாட்டிய உங்கள் மகள் அந்தக் கேள்வியைத் தைக்கிற ஊரிலிருந்தே கேட்கிறாள். அவள் பெங்களூர் போய்த்தான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை.

இப்போது பணம். 12 லட்சத்தை 10.5 சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதத் தவணை 16,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்தால் இன்னும் ஏறும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் வழக்கமாகச் சொத்துப் பிணை கேட்கும், அதனால்தான் பத்திரப் பேச்சே வந்திருக்கிறது. ஒளிப்படத் துறையில் முதல் சில வருடங்கள் உதவியாளர் வேலைதான். சம்பளம் குறைவு, பணம் தள்ளித்தான் வரும். 16,000 தவணையைத் தலையில் வைத்துக்கொண்டு இருப்பவள் எந்த விளம்பர வேலையையும் மறுக்க முடியாது. அப்புறம் அவள் என்ன எடுக்க வேண்டும் என்பதைக் கடன்தான் முடிவுசெய்யும். மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட்டுக்கு முயன்றால் என்ன என்று கேட்பீர்கள். நல்ல இடம்தான். அங்கேயும் மொத்தக் கட்டணம் லட்சங்களில்தான் ஓடும், என் பதில் மாறாது.

நான் சொல்லும் இடம் சென்னை எழும்பூரில் இருக்கிறது: அரசு கவின்கலைக் கல்லூரி. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இதன் பெயர் வராது, ஏனென்றால் இதற்கு ஏஜெண்ட் இல்லை, ஹோர்டிங் இல்லை. பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளநிலைப் பட்டம் நான்கு வருடம். ஓவியம், சிற்பம் தவிர விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், டெக்ஸ்டைல், செராமிக், அச்சுக்கலை என்று துறைகள் உண்டு. உங்கள் மகளுக்கு ஏற்றது விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன், அதாவது சொல்ல வந்ததைப் படத்தால் சொல்லும் துறை. பக்கத்திலேயே டெக்ஸ்டைல் துறை இருப்பது கூடுதல் லாபம். சாயம் ஏற்றுவதையும் நெய்வதையும் கையால் செய்பவர்களோடு டீ குடிக்கலாம். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் லட்சங்களில் இல்லை, ஆயிரங்களில் அடங்கும். உங்கள் பெரிய செலவு சென்னையில் தங்குவதும் சாப்பாடும்தான். கட்டடம் பழையது, எல்லா வசதியும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மிச்சமாகும் பணத்தில் சுமார் 30,000 ரூபாய்க்குள் ஒரு பழைய கேமராவும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கிக் கொடுங்கள். விளக்கு வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். விடுமுறையில் ஊருக்கு வரும்போது கேட்டலாக் ஷூட், அதாவது விற்பனைக்குத் துணிகளைப் படமெடுக்கும் ஒருவரிடம் உதவியாளராகப் போகட்டும். அங்கே ஒரு விஷயம் பார்ப்பாள்: மாடலுக்குப் பொருந்தாத டி-ஷர்ட்டை முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். முன்னால் பார்க்கிறவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலத் தெரியும். வாங்குகிறவர் பார்க்கவே முடியாத அந்த முதுகைப் பன்னிரண்டு பேரிடம் வரிசையாக எடுத்தால் அதுவே ஒரு போர்ட்ஃபோலியோ. இந்த யோசனை எனக்கு வந்தது, அவளுக்கு இதைவிட நல்லது வரும்.

ஒரு எச்சரிக்கை. பெரியப்பா கம்பெனியில் இன்னும் சந்தைக்கு வராத சாம்பிள்களைத் தொடவே கூடாது. அந்தப் படம் வெளியே போனால் துணி வாங்கும் பையர் ஆர்டரை ரத்துசெய்ய நேரலாம். காதர்பேட்டையில் கிலோ கணக்கில் கிடைக்கும் செகண்ட்ஸ் துணி போதும். படத்தில் நிற்பவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கட்டும், ஒரு பிரிண்ட்டும் கொடுக்கட்டும். டெய்லர் அக்கா பீஸ் ரேட்டில், அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலியில் வேலை செய்பவர் என்றால் அவருடைய ஒரு மணி நேரத்துக்குக் காசும் கொடுக்க வேண்டும். நுகர்வைக் கேள்வி கேட்கும் படத்துக்கு ஒருவரை இலவசமாக நிற்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பட்டத்துக்குப் பிறகு காந்திநகரில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யில் ஒளிப்பட வடிவமைப்பில் முதுகலை இருக்கிறது. அது மலிவில்லை, ஆனால் அப்போது அவளுக்குக் கையில் வேலை இருக்கும், கடன் தேவையா என்று அவளே முடிவெடுப்பாள். கல்லூரி ஆசிரியராக விரும்பினால் முதுகலைக்குப் பிறகு நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் காட்சிக் கலை ஒரு பாடம். சென்னை ஃபோட்டோ பினாலே என்ற ஒளிப்படக் கண்காட்சி விழா 2016 முதல் நடக்கிறது, மாணவியாக இருக்கும்போதே போய் வரட்டும். கலைப் படங்களால் மட்டும் வீடு ஓடாது என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். பாதி வருமானம் கேட்டலாக் வேலையிலிருந்துதான் வரும்.

கவின்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வு செய்முறைத் தேர்வு. கேமராவைக் கொண்டுபோக முடியாது, கையால் வரைய வேண்டும். அவள் வரைவாளா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வரையத் தெரியாவிட்டால் இந்த வாரமே தொடங்க வேண்டும்: ஆள் உருவம், துணி மடிப்பு, வீட்டுப் பாத்திரங்கள், தினமும் இரண்டு மணி நேரம், பென்சிலில். இந்த வருடம் இடம் கிடைக்காவிட்டால் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஒரு வருடம் வரைந்துவிட்டு மறுபடி எழுதட்டும். பெரியப்பாவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும்.