ஹம்மிங் பறவை மற்றதை விரட்டுகிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

அமெரிக்காவின் ஹூஸ்டனில் வீட்டுக் கொல்லையில் ஹம்மிங் பறவைகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் ஃபீடர் மாட்டியிருக்கிறீர்கள். ஒரே ஆண் பறவை மற்றதையெல்லாம் துரத்துகிறது, சர்க்கரைத் தண்ணீரும் சீக்கிரம் கலங்கிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

துரத்துவது அதன் சுபாவம். எடை வெறும் 3 கிராம்தான், ஆனால் பூவோ ஃபீடரோ, தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டால் விடாது. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து காவல் காக்கும். நிழலில் கழுத்து கறுப்பாகத் தெரியும், வெயில் பட்டதும் மாணிக்கச் சிவப்பாக மின்னும். இன்னொரு ஃபீடரை வீட்டின் மறுபக்கம், அதன் கண்ணில் படாத இடத்தில் மாட்டுங்கள். இரண்டையும் அதனால் காவல் காக்க முடியாது.

தண்ணீர் கலங்குவதுதான் எனக்குக் கவலை. அந்த ஊர் வெயிலுக்கு இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், உச்சிக் கோடையில் தினமும் மாற்றுங்கள். வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. சத்து என்று நினைத்து வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ போட வேண்டாம், அதிலுள்ள இரும்பு அவற்றுக்கு ஆகாது. தேனும் வேண்டாம், சீக்கிரம் புளித்துவிடும். சிவப்புச் சாயம் தேவையே இல்லை, ஃபீடரின் சிவப்பே போதும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள், துளைகளில் கறுப்புப் பூஞ்சை தங்கும்.

அப்புறம், செப்டம்பரில் வலசைக் கூட்டம் வரும்போது ஃபீடரை இறக்கிவிடாதீர்கள்.