எலக்ட்ரான் நத்தையைவிட மெதுவாகத்தான் நகரும் என்றால், சுவிட்சைப் போட்டதும் பல்பு எப்படி உடனே எரிகிறது?

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போலிருக்கிறது. இதைக் கேட்டு வகுப்பில் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நானும் அப்படித் திட்டியவன்தான்.

யாங்கோனில் வீட்டு மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பாதி தமிழ், பாதி பர்மியம். ஒரு நாள் கரண்ட் போய், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தெருவே "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது!) என்று கத்தியது, பல்பு எரிந்தது. நானும் உற்சாகத்தில், "பார்த்தீர்களா, பவர்ஹவுஸில் கிளம்பிய எலக்ட்ரான் கண் மூடித் திறப்பதற்குள் இங்கே வந்துவிட்டது" என்றேன். ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், "சயா (பர்மியத்தில் வாத்தியார்), எலக்ட்ரான் மணிக்கு ஒரு சாண்தான் போகுமாமே" என்றாள். அதிகப்பிரசங்கி என்று உட்காரவைத்துவிட்டேன்.

ராத்திரி கணக்குப் போட்டேன். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 0.07 மி.மீ. நகரும். மணிக்கு 25 செ.மீ. சாண் சரிதான்! அதுவும் ஒரே திசையில் ஓடும் பாட்டரி கரண்டுக்கு. வீட்டு லைன் 50 ஹெர்ட்ஸ். அதில் எலக்ட்ரான் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறதே தவிர, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நகர்வதில்லை.

என் தாத்தா தேக்கு அறுத்தவர். குழிக்குள் ஓர் ஆள், மேலே ஓர் ஆள், நடுவே நீள ரம்பம். மேலே இழுத்த கணமே கீழ்ப் பல்லும் அசையும். எந்தப் பல்லும் ஊர் போய்ச் சேராது, ஆனால் மரம் அறுபடும். கம்பியும் அப்படித்தான், முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் அந்த உந்தல் மட்டும் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் பரவுகிறது. பல்பைச் சூடாக்குவது பல்புக்குள் இருக்கிற எலக்ட்ரானேதான்.

ஆற்றல் போவது கம்பியைச் சுற்றிய மின்புலம், காந்தப்புலம் வழியாக அல்லவா, ரம்பம் எங்கே வந்தது என்று சிலர் வருவீர்கள். தெரியும் ஐயா. ஒன்பதாம் வகுப்புக்கு ரம்பம் போதும்.

  

மறுநாள் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் "நீ சொன்னதுதான் சரி" என்றேன். அதோடு விட்டாளா? "புரோட்டானுக்குள் குவார்க் என்ற இன்னும் சின்னத் துகள்கள் மூன்று என்றால், எலக்ட்ரானுக்குள் என்ன சயா?" இதுவரை யாரும் உள்ளே எதையும் பார்த்ததில்லை என்றேன். நம்பாத முகத்தோடு எழுதிக்கொண்டாள்.