5 அடி 4 அங்குல உயரத்துக்கு எந்த எடையை இலக்காக வைத்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு வயது 39, ஆண். உயரம் 5.4 அடி, எடை 78 கிலோ. ஒரு செயலி என் சரியான எடை 68 கிலோ என்கிறது, இன்னொன்று 59 என்கிறது. அலுவலக நண்பரோ உயரத்திலிருந்து நூறைக் கழித்து 62 என்கிறார். இவற்றில் எதை நம்பி இலக்கு வைப்பது?

நீங்கள் தந்துள்ள மூன்று எண்களும் எந்த வழியில் வந்திருக்கக்கூடும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்றுக்கும் வழி தெரிகிறது. வழி தெரிந்துவிட்டால் எதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெளிவாகிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் உங்கள் உயரம். நம் ஊரில் ஐந்து அடி நான்கு அங்குலத்தை 5.4 என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் 5.4 அடி என்பது கணக்கின்படி ஐந்து அடி நான்கே முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். 5 அடி 4 அங்குலம் 162.6 செ.மீ. ஆகும்; 5.4 அடியோ 164.6 செ.மீ. ஆகிவிடும். இந்த இரண்டு சென்டிமீட்டர் உங்கள் எடை வரம்பை ஒன்றரைக் கிலோ உயர்த்திக் காட்டும். அந்த 164.6ஐ வைத்துக்கொண்டு, பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறைக் குறியீட்டெண்) 25 என்ற மேல் எல்லைக்குரிய எடையைக் கணக்கிட்டால் 67.7 கிலோ வருகிறது. உங்கள் முதல் செயலி சொன்ன 68 இப்படித்தான் வந்திருக்க வேண்டும். அதாவது உயரமும் தவறு, எடுத்துக்கொண்ட எல்லையும் நமக்குரியது அல்ல.

இரண்டாவது செயலியின் 59க்குப் பின்னால் பி.எம்.ஐ. இல்லவே இல்லை. டெவைன் என்ற அமெரிக்க மருந்தியலாளர் 1974இல் ஜென்டாமைசின் என்னும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதற்காகத் தந்த சூத்திரம் அது: ஐந்தடி உயர ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ. உங்களுக்கு 50உடன் 9.2 சேர்ந்து 59.2 வருகிறது. மருந்தின் அளவைக் கணிக்கப் பிறந்த ஒரு சூத்திரம் ‘லட்சிய எடை’ என்ற பெயருடன் செயலிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களின் சுவர்களிலும் உலவுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் செய்தி. அதனால் நான் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

நூறைக் கழிக்கும் வழக்கம் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குவது. நூற்றைம்பது செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 50 கிலோ தரும், பி.எம்.ஐ. 22.2. நூற்றெண்பது உள்ளவருக்கு 80 கிலோ, பி.எம்.ஐ. 24.7. நடுத்தர உயரத்தில் உண்மைக்கு அருகில் நிற்கும், உயரம் கூடக்கூட தாராளமாகிவிடும். வாய்க்கணக்குக்கு அது போதும், இலக்கு வைப்பதற்குப் போதாது.

இப்போது பி.எம்.ஐ. வழியாகவே கணக்கிடுவோம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். இலக்கு எடை வேண்டுமென்றால் அதையே திருப்பிப் போட வேண்டும்: விரும்பும் பி.எம்.ஐ.யை உயரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் எடை வந்துவிடும். உங்கள் உயரம் 1.6256 மீட்டர், அதன் வர்க்கம் 2.64. இன்றைய 78 கிலோவை இதனால் வகுத்தால் 29.5. ஆரோக்கிய வரம்பின் கீழ் எல்லையான 18.5ஐ இதனால் பெருக்கினால் 48.9 கிலோ. மேல் எல்லையை 25 என்று கொண்டால் 66 கிலோ, 23 என்று கொண்டால் 60.8 கிலோ. ஆகவே இந்தக் கணக்கு ஒற்றை எண்ணைத் தருவதில்லை, ஏறத்தாழ பன்னிரண்டு கிலோ அகலமுள்ள ஓர் இடைவெளியைத் தருகிறது. ‘என் சரியான எடை எத்தனை’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்லும் எந்தக் கருவியும் அந்த இடைவெளியை உங்களிடமிருந்து மறைத்துவிடுகிறது.

மேல் எல்லை 25ஆ, 23ஆ என்பதுதான் நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன். உயரத்தின் வர்க்கத்தோடு எடையை ஒப்பிடும் முறையை 1830களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே என்ற புள்ளியியலாளர் வகுத்தார். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று அறிய விரும்பிய அவர் வானியலும் கணிதமும் கற்றவர்; நோயாளிகளைக் கணிப்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. 1972இல் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ் இந்த விகிதத்துக்கு பி.எம்.ஐ. என்று பெயரிட்டு, உடற்கொழுப்பை ஓரளவு நன்றாகச் சுட்டும் எளிய அளவு இது என்று காட்டினார். அவர் ஆராய்ந்தது அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை. அந்தக் கணக்கெடுப்பில் இந்தியா இல்லை, பெண்களும் இல்லை.

இந்தக் குறைபாட்டின் பொருளைப் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டு விளக்கினார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3தான். ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒரே குறியீட்டெண்ணுக்குள் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு ஒளிந்திருந்தது. தெற்காசியர்களின் உடலில் அதே எடைக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கிறது. அந்தக் கொழுப்பும் வயிற்றுப் பகுதியில் உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேர்கிறது. அதனால்தான் பார்வைக்கு ஒல்லியாக இருப்பவர்களுக்கும் நம்மிடையே சர்க்கரை நோய் வருகிறது. அதே 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, 25, 30 என்ற பொது எல்லைகளை மாற்றாமல், ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகியவற்றையும் கவனிக்க வேண்டிய எல்லைகளாகச் சேர்த்தது. இந்திய மருத்துவர்களின் 2009ஆம் ஆண்டு ஒருமித்த வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே சென்று, 23 முதல் அதிக எடை, 25 முதல் உடற்பருமன் என்று வகுத்தது. நம் மருத்துவர்கள் பலர் பயன்படுத்துவது இதையே. எனவே உங்கள் வரம்பின் மேல் எல்லை 60.8 கிலோ, 66 அல்ல, 68 நிச்சயமாக அல்ல.

அப்படியானால் உடனே 60 கிலோவை இலக்காக எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அது பதினெட்டுக் கிலோ, அதாவது இன்றைய எடையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. வரம்பு என்பது வேறு, இலக்கு என்பது வேறு என்பதை நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டேன்.

என் உயரம் 158 செ.மீ. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு என் எடை 74 கிலோ. அப்போது சேர்ந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்து என் இலக்கு 51 கிலோ என்று எழுதித் தந்தார்கள். (அதுவும் டெவைன் சூத்திரமே என்பதைப் பல ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டபோதுதான் அறிந்தேன்.) இருபத்துமூன்று கிலோ குறைய வேண்டும் என்ற பதற்றத்தில் இரவு உணவை முற்றிலும் விட்டேன், சோற்றையும் பருப்பையும் ஒருசேரக் குறைத்தேன். நான்கு மாதத்தில் 63 கிலோவுக்கு வந்தேன். இன்று எண்ணிப்பார்த்தால் அது பெரிய மாற்றம். ஆனால் அன்று ஒவ்வொரு காலையும் எடை பார்க்கும் கருவி எனக்குச் சொன்னது ‘இன்னும் பன்னிரண்டு கிலோ’ என்பதை மட்டுமே. முடி கொட்டியது, மாடிப்படி ஏறினால் கால் தளர்ந்தது, ஒரு கட்டத்தில் மனம் விட்டுப்போய் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அடுத்த ஓராண்டில் 77 ஆனது. அவசரமாகக் குறைத்தபோது கொழுப்போடு தசையும் போயிருக்கும், திரும்பி வந்தது பெரும்பாலும் கொழுப்பாகவே இருந்திருக்கும் என்று பின்னாளில் என் மருத்துவர் விளக்கியபோது மிகவும் வருந்தினேன்.

அந்த மருத்துவர் எனக்கு வேறொரு கணக்கைக் கற்றுத்தந்தார். உயரத்தை விட்டுவிடுங்கள், இன்றைய எடையில் ஏழு விழுக்காட்டை மட்டும் கழியுங்கள், அதுவே முதல் இலக்கு என்றார். அந்த ஏழு அவருடைய கற்பனை அல்ல. அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளிவந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு ஏழு விழுக்காடு எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும்தான். அவர்களிடையே நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. கலந்துகொண்டவர்களின் சராசரி பி.எம்.ஐ. 34 அளவில் இருந்தது; ஏழு விழுக்காடு குறைத்தாலும் அவர்களில் பெரும்பாலோர் அட்டவணையின்படி பருமனானவர்களே. ஆனாலும் பலன் கிடைத்தது. சென்னையை மையமாகக் கொண்டு மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் வியப்பளிப்பது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை, ஆயினும் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. எடைக்கருவி காட்டாத நன்மையும் உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.

எனக்கு 77இல் ஏழு விழுக்காடு ஐந்தரைக் கிலோ. முதல் இலக்கு 72. ஐந்து மாதத்தில் அடைந்தேன். மூன்று மாதம் அங்கேயே நின்றேன், பிறகு 69, பிறகு 66. இரண்டு ஆண்டுகளாக 66ஐ ஒட்டியே இருக்கிறேன். என் வரம்பின் மேல் எல்லையான 57.4ஐ நான் தொடவில்லை, என் பி.எம்.ஐ. இன்றும் 26க்குச் சற்று மேல்தான். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112இலிருந்து 97க்கு இறங்கியது, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ.யிலிருந்து 86க்கு வந்தது. பெண்களுக்கு அது 80க்குக் கீழ் வர வேண்டும் என்பதால் முயற்சியை நிறுத்தவில்லை.

உங்களுக்கு இதே கணக்கு: 78இல் ஏழு விழுக்காடு ஐந்தரைக் கிலோ, ஆகவே முதல் இலக்கு 72.5. வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். மூன்று, நான்கு மாதம் ஆகலாம். அங்கு சில வாரங்கள் நிலைத்தபின் 70, அதன்பின் 66. 66க்கு வந்தால் பி.எம்.ஐ. 25இல் நிற்பீர்கள். அங்கே நின்று இரத்தப் பரிசோதனையையும் இடுப்பு அளவையும் பார்த்துவிட்டு 61ஐ நோக்கிப் போவதா என்று முடிவெடுங்கள். இளவயதில் உங்கள் எடை நீண்ட காலம் எதில் நிலைத்திருந்தது என்பதும் அந்த முடிவுக்கு உதவும். இருபத்தைந்து வயதில் 64 இருந்தவர் 58ஐ இலக்காக வைத்துப் போராடுவதில் பொருள் இல்லை.

இடுப்பு அளவை விடாமல் எடுங்கள் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். பேண்ட் அளவு 34 என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், நம்மில் பலர் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், தையல்காரரின் டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்ற எளிய விதியும் உண்டு. உங்களுக்கு அது 81 செ.மீ. நடைப்பயிற்சியோடு எடைப்பயிற்சியும் செய்பவர்களுக்கு எடை அசையாமல் இடுப்பு மட்டும் குறையும் மாதங்கள் வரும். அந்த மாதங்களில் மனம் தளராமல் இருக்க இந்த டேப் ஒன்றே துணை.

இந்தக் கணக்குகள் எல்லாம் பெரியவர்களுக்கே உரியவை. குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வயதுக்கேற்ற தனி வளர்ச்சி வரைபடங்கள் உண்டு, கர்ப்பிணிகளுக்கு பி.எம்.ஐ. இலக்கு பொருந்தாது. வீட்டில் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு உங்கள் 23ஐப் பொருத்திப் பார்க்காதீர்கள். அந்த வயதில் தசை இழப்பதும் விழுந்து எலும்பு முறிவதும் ஓரிரு கிலோ கூடுதல் எடையைவிட ஆபத்தானவை. முதுகு வளைவதால் உயரமும் குறைந்துபோய், கணக்கே பிழையாகிவிடும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நின்று, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மட்டமாக வைத்து வேறொருவரைக் கொண்டு சுவரில் குறித்து, சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் மாறினால் உங்கள் மேல் எல்லை முக்கால் கிலோ மாறும். அடுத்து, உங்கள் பி.எம்.ஐ. 29.5 என்பதால், உணவை மாற்றும் முன்பே வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு அளவுகள், தைராய்டு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பரிசோதித்து மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவராக இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். எடை குறையத் தொடங்கியதும் அந்த மருந்துகளின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும், அதை அவர்தான் செய்ய வேண்டும்.